லைனில் மூன்றாவது ஆள்

மாயக்காளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. அன்றைக்கு, வெளியூர் போன்களுக்கு இணைப்புக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு ஓய்வு. பசுமலையில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் காலையில் எழுந்து, துணி துவைத்து, சோறு பொங்கிச் சாப்பிட்டு, மறுபடி படுக்கும்வரை அவளோடு பேச ஆள் கிடையாது. வீட்டுக்காரம்மா வாடகை வாங்கும் நாளில் மட்டும் சிரிப்பாள். திங்கட்கிழமை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். அதனால் ஞாயிறு சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு, "மதுரை பேசறேன், நம்பர் சொல்லுங்க" என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்து வைப்பாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லையே.

சொந்த ஊர் எழுமலை. பத்தொன்பது வயதில் மாமன் மகன் பேயாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நாலு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஊர் மந்தையில் பெரியவர்கள் கூடி, துரும்பைக் கிள்ளிப் போட்டு, இருவரையும் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் அதோடு சரி. மறுபடி கட்டிக்கொள்ளத் தடை இல்லை. பேயாண்டி மூன்றே மாதத்தில் கட்டிக்கொண்டான். மாயக்காளைக் கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். பதினோராம் வகுப்புவரை படித்திருந்தது அப்போதுதான் கைகொடுத்தது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து இரண்டு வருஷம் காத்திருந்ததில் டெலிபோன் வேலை கிடைத்தது. "மாயக்கா மகராசியாப் போயிட்டா" என்றது ஊர். மகராசி பசுமலையில் தனியாக உட்கார்ந்து ஒரு ஆழாக்கு அரிசி பொங்கிக்கொண்டிருந்தாள்.

ஷேர் என்ற சங்கதி அவளிடம் வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். எழுபத்தெட்டில் ஒரு பெரிய கம்பெனி புதிதாக ஷேர் வெளியிட்டது. எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்கள் எல்லாரும் சீட்டுக் கட்டுகிற உற்சாகத்தில் ஆளுக்கொரு பாரம் நிரப்பிப் போட்டார்கள். குலுக்கலில் விழுந்தது மாயக்காள் ஒருத்திக்கு மட்டும். மற்றவர்கள் அத்தோடு அதை மறந்து சேலை, சினிமா என்று போய்விட்டார்கள். இவள் கையில் மட்டும் ஐம்பது ஷேருக்கான பத்திரம். அதை வைத்திருப்பதா, விற்பதா, இன்னும் வாங்குவதா? யாரிடம் கேட்பது? அண்ணன்காரனிடம் கேட்டால், "எங்கிட்டக் குடு, நான் பாத்துக்கிறேன்" என்பான். அப்புறம் அதைப் பார்க்கவே முடியாது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. விஷயம் தெரிந்தவர்கள் தினமும் அவள் காதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்.டி.டி. வசதி உள்ள போன்கள் ஊரில் இருந்தன. ஆனால் அதில் டயலைச் சுற்றிச் சுற்றி மெட்ராஸ் கிடைப்பதற்குள் மார்க்கெட்டையே மூடிவிடுவார்கள். அதனால் அவசரக்காரர்கள் டிரங்க் கால் புக் செய்வார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் மெட்ராசில் ஒரு புரோக்கர் ஆபீசுக்கு மதுரையிலிருந்து மூன்று பேர் நாள் தவறாமல் புக் செய்தார்கள். லைன் சரியாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் நடுவில் ஒரு வினாடி கேட்கலாம், மூன்று நிமிஷம் முடிந்ததும் குறுக்கிட்டு, "நீட்டிக்கணுமா?" என்று கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் அது ஒட்டுக்கேட்பது, வேலை போய்விடும். சூப்பர்வைசரம்மா முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டுதான் இருப்பாள். மாயக்காள் கால் விவரம் குறிக்கும் டிக்கெட்டில் பென்சிலை ஊன்றியபடி, எழுதுகிற பாவனையில் முகத்தை வைத்துக்கொண்டு, பேச்சைக் கேட்க போர்டில் இருக்கும் சாவியை மூடாமல் கேட்டாள். ஏழு வருஷம் கேட்டாள்.

முதல் ஆள் காசிமாயன். கப்பலூரில் போல்ட்டு நட்டுப் பட்டறை வைத்திருந்தார். பின்னால் மிஷின் அலறும். அதைவிட இவர் அலறுவார். விலை என்ன என்று கேட்பதே ஒரு மரியாதைக்குத்தான். முப்பது என்றாலும் "போடு", நாற்பது என்றாலும் "போடு". விற்பது எப்போது என்று மாயக்காள் ஒரு வருஷம் கவனித்தாள். மச்சினன் கல்யாணம் வந்தால் விற்பார், கோர்ட்டு வாய்தா வந்தால் விற்பார். மார்க்கெட்டுக்கும் அவர் விற்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவரிடம் கற்க ஒன்றுமில்லை என்று அவள் கழித்துக்கட்டினாள்.

இரண்டாவது ஆள் வெங்கடரமணன், கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். அவருக்கு எல்லாம் வேண்டும்: போன வருஷ லாபம், இந்த வருஷ லாபம், டைரக்டர் யார், அவர் மாமனார் யார். மூன்று நிமிஷத்தை மூன்று தரம் நீட்டிப்பார். கடைசியில், "நாளைக்குச் சொல்றேன்" என்பார். நாளைக்கு விலை ஏறியிருக்கும். "அப்பவே நெனச்சேன்" என்று போனை வைப்பார். அவர் நினைத்ததெல்லாம் சரியாகத்தான் நடந்தது. நினைத்ததற்கு ஷேர் கொடுப்பார் இல்லை.

மூன்றாவது ஆள்தான் ஹரிராம். மகால் பக்கத்தில் நூல் கடை. வீட்டில் சௌராஷ்டிர பாஷை. வெளியில் சுத்தமான மதுரைத் தமிழ். விலையைக் கேட்டதும் பேசாமல் இருப்பார். கடை மின்விசிறியின் கடகடச் சத்தமும் அவர் மூச்சும் மட்டும் லைனில் வரும். மெட்ராசில் போனை எடுக்கும் குமாஸ்தா முத்துக்கருப்பனும் அவர் போக்கு தெரிந்து காத்திருப்பான். மாயக்காள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை எண்ணுவாள். பத்து வினாடி என்றால் வாங்கப் போகிறார். இருபதைத் தாண்டினால் ஒரு பெருமூச்சு வரும், அப்புறம் "விட்டுரு" என்பார். விற்றுவிடு என்று அர்த்தம். விற்பதென்றால் அவருக்கு அத்தனை கஷ்டம். அவர் விட்ட ஷேர் அடுத்த மாதம் இறங்காமல் இருந்ததில்லை.

ரத்தான டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போய் அறையில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஹரிராம் வாங்கியதை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஏஜெண்ட் மூலம் அவளும் வாங்கினாள். அவர் விட்டதை விட்டாள். எண்பத்து மூன்று தீபாவளிக்கு முன்னால் அவளாகவே யோசித்து, அவருக்கு இரண்டு நாள் முந்தி ஒன்றை விற்றாள். சரியாக இருந்தது. கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது? எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது? அரைக்கிலோ அல்வா வாங்கிப்போய்த் தானே நாலு நாள் தின்றாள். மிச்சம் இறுகிப்போனதைத் தூக்கிப் போட்டாள்.

சாயங்காலங்களில் ஹரிராம் சேலத்தில் இருந்த தன் அண்ணனுக்கும் கால் போடுவார். அது அவர்கள் பாஷையில். மார்க்கெட் விஷயம் வருமோ என்றுதான் முதலில் அதையும் கேட்டாள். வராது என்று தெரிந்த பிறகும் கேட்டாள். ஒரு வருஷத்தில் வார்த்தைகள் பிடிபட்டன. மூன்று வருஷத்தில் முழுக்கப் புரிந்தது. மனைவி பெயர் சுந்தரவல்லி. ஒரே மகள் அலர்மேல்மங்கை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. பெண் பார்க்க வருபவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய் கடிதம் போடுவார்கள். ஐந்தாவது கடிதம் வந்த அன்று ஹரிராம் அண்ணனிடம் அழுதார். மாயக்காளும் போர்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். தூசி விழுந்துவிட்டது என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிச் சமாளித்தாள். மதுரையில் அவளுக்கு ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்குத்தான் அது தெரியாது.

எண்பத்தைந்து மார்ச். பட்ஜெட் வரப்போகிறது என்று ஊரே பயந்து விற்றுக்கொண்டிருந்தது. ஹரிராம் ஆறு வருஷமாகச் சேர்த்துக்கொண்டு வந்த ஒரு சிமெண்ட் கம்பெனி ஷேர் தினமும் இறங்கியது. மாயக்காளிடமும் அதில் நூற்றிருபது இருந்தது. தூக்கம் போயிற்று. இவர் ஏன் இன்னும் விடாமல் இருக்கிறார் என்று தவித்தாள்.

அன்றைக்கு லைனில் ஒரே இரைச்சல். முத்துக்கருப்பன் கத்தினான்: "அண்ணே, சிமெண்ட்டு இன்னும் எறங்கிருச்சு. என்ன செய்ய?"

ஹரிராம் உடனே சொன்னார்: "விட்டுரு."

"கேக்கலைண்ணே! என்ன சொல்றீய?"

"விட்டுருப்பா!"

மெட்ராசுக்கு அது எட்டவில்லை. இப்படி இரண்டு பக்கமும் கேட்காதபோது நடுவில் இருக்கும் ஆபரேட்டர் எடுத்துச் சொல்வது வழக்கம். "ஆபரேட்டரம்மா, அவுக என்ன சொல்றாக?" என்று முத்துக்கருப்பன் கேட்டான். மாயக்காள் மெட்ராசுக்கு மட்டும் கேட்கும்படி சாவியைத் தள்ளினாள்.

"விக்கச் சொல்றாங்க."

"அம்புட்டையுமா?"

ஹரிராமைக் கேட்டுச் சொல்ல ஒரு வினாடி போதும். அவள் கேட்கவில்லை. அவர் மனசு அவளுக்குத் தெரியாதா? "அம்புட்டையும்" என்றாள். சாவியை இந்தப் பக்கம் திருப்பி, "சொல்லிட்டேங்க" என்றாள். "நல்லதும்மா" என்றார் ஹரிராம். சாப்பாட்டு இடைவேளையில் டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல் ஓடிப்போய்த் தன்னுடைய நூற்றிருபதையும் விற்றுவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் ஹரிராமிடமிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் கால் வரவில்லை. வீட்டோடு சேலம் போயிருந்தார். அதற்குள் பட்ஜெட் வந்தது. பயந்தவர்கள் வாயில் மண். மார்க்கெட் எகிறியது, அந்த சிமெண்ட் ஷேர் ஒன்றரை மடங்கானது. திரும்பி வந்தவர் கடையில் கிடந்த புரோக்கர் ஆபீஸ் தபாலைப் பிரித்ததும், கூடுதல் காசுக்கு உடனே கிடைக்கும் மின்னல் கால் புக் செய்தார். ஏழு வருஷத்தில் அவர் கத்தி அன்றுதான் கேட்டாள்.

"யாரைக் கேட்டுய்யா வித்தே?"

"நீங்கதாண்ணே சொன்னீய. லைன்ல கேக்காம, ஆபரேட்டரம்மாகூட எடுத்துச் சொன்னாங்களே!"

"நீ செஞ்ச தப்பை அந்தம்மா மேல போடாதே, முத்து. விக்கிறதுன்னா நான் யோசிச்சுத்தானே சொல்லுவேன்? கேட்ட ஒடனே விட்டுருன்னா, அப்பிடியே கெடக்கட்டும், தொடாதேன்னு அர்த்தம். எறங்கினா எறங்கிட்டுப் போகுது. அது என் மக பேர்ல உள்ளதுய்யா. எங்க காலத்துக்கப்பறம் அவளை யார் பாப்பா? அதை விப்பனா நானு?"

மறுநாள் புரோக்கர் ஆபீஸ் முதலாளியிடமே பேசினார். விற்றதை மீட்க வழியில்லை என்றார் முதலாளி; வேண்டுமானால் அந்தக் குமாஸ்தாவை மாதக் கடைசியோடு அனுப்பிவிடுகிறேன் என்றார். முத்துக்கருப்பனுக்கு நாலு பிள்ளைகள் என்பதும் மாயக்காளுக்குத் தெரியும். அதுவும் லைனில் கேட்டதுதான்.

அன்று அறைக்கு வந்து அவள் விளக்கைப் போடவில்லை. எங்கே பிசகினோம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். அன்றைக்கு மௌனமே இல்லை. பெருமூச்சு இல்லை. கேட்ட மாத்திரத்தில் சொன்னார். ஏழு வருஷம் வினாடி எண்ணியவள் அன்றைக்கு எண்ணவில்லை, ஏனென்றால் விற்கவேண்டும் என்று துடித்தது அவளுடைய பயம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த வார்த்தை. மந்தையில் கூட்டத்துக்கு நடுவே பேயாண்டி துரும்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தபோது, அவன் அப்பன் சொன்னதும் அந்த ஒரே வார்த்தைதான்: "விட்டுருடா." அன்றிலிருந்து அவள் காதில் விட்டுரு என்றால் அறுத்துவிடு என்று மட்டும்தான். இருக்கிறபடியே இருக்கட்டும், தொடாதே என்றும் ஒருவர் அதைப் பிரியமாகச் சொல்லமுடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். ஆனால் அவளைத் தடுத்தது அதுவல்ல. சொல்லிவிட்டால் அந்தக் குரல் போய்விடும். யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்த மனுஷன் லைனில் மனசைத் திறப்பான்? சொல்லாவிட்டால் முத்துக்கருப்பன் வீட்டில் அடுப்பு அணையும். ஒன்பது நாள் இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடை மூடியிருந்தது, வீடு மாடியில். அவள் மனதில் இருந்த ஹரிராம் நெட்டையாக, ஒல்லியாக இருந்தார். கதவைத் திறந்தவர் குட்டையாக, தொந்தியோடு இருந்தார்.

"அண்ணே, ஹரிராம்ங்கிறது…"

அவர் புருவத்தைச் சுருக்கினார். "இந்தக் குரலு… டிரங்க் ஆபரேட்டரம்மாவா?" முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கம்மா, உள்ள வாங்க! தினமும் கேக்குற குரலு, ஆளைப் பாத்ததில்லை. சுந்தரவல்லி, யார் வந்துருக்காங்க பாரு!"

சுந்தரவல்லி காபி கொண்டுவந்தாள். உள்ளறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு அலர்மேல்மங்கை நின்று சிரித்தாள். அழகான பெண். அழகை யாரும் போனில் சொன்னதில்லை. டம்ளர் சூடாக இருந்தது. மாயக்காள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டு நாற்காலியில், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

சொல்லிவிட்டாள். "முத்துக்கருப்பன் மேல தப்பில்லைண்ணே. விக்கச் சொல்றாங்கன்னு சொன்னது நாந்தான். நீங்க சொன்னதைத் தப்பா எடுத்துக்கிட்டேன்."

ஹரிராம் வெகுநேரம் பேசவில்லை. வழக்கம்போல அவள் எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கையை விட்டாள்.

"லைன் அப்பிடி இரைஞ்சுச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் கடைசியில். "நாளைக்கு அவங்க முதலாளிகிட்டப் பேசி அந்த முத்து வேலையைக் காப்பாத்திர்றேன். லைன் கோளாறுன்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு வராது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த சுந்தரவல்லி, கணவன் பக்கம் திரும்பி, தங்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னாள்: பாவம், தனியாக இருப்பவள்போல இருக்கிறது, ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்கள்.

"வேணாம்மா, சாப்ட்டுத்தான் வந்தேன்" என்றாள் மாயக்காள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"எங்க பாஷை உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார் ஹரிராம்.

"கேட்டுக் கேட்டு" என்றாள்.

அவர் மனசு சேலத்துக்குப் போவது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சாயங்காலமாக, ஒவ்வொரு கடிதமாக, அழுத அந்த நாள்வரைக்கும் போயிற்று. பணம் போனதற்கு மாறாத முகம் இப்போது மாறியது. அலர்மேல்மங்கை நிலையை விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுந்தரவல்லி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றாள். சாப்பிடச் சொல்லி யாரும் மறுபடி கேட்கவில்லை. "வாரேண்ணே" என்று மாயக்காள் எழுந்தாள். அவர் வாசல்வரை வந்தார், அது மரியாதைக்காக.

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு அவருடைய கால் வந்தது. நம்பரைச் சொன்னார், அவள் திருப்பிச் சொன்னாள். மெட்ராஸ் கிடைத்தது. "பேசுங்க" என்றாள். அந்தப் பக்கம் முத்துக்கருப்பன் "அண்ணே" என்றான். ஹரிராம் பேசவில்லை. மின்விசிறி கடகடத்தது. பத்து வினாடி போயிற்று, இருபதும் போயிற்று.

"லைன்ல யாரும் இருக்கீங்களா?" என்று அவர் கேட்டார்.

முத்துக்கருப்பனை அவர் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, மாயக்காள் சாவியை மூடினாள்.